கித்தாக் கொட்டை, ஆறாம் நம்பர்

சனிக்கிழமை ஏழரைக்கு
பீடோங் சந்தை முனையில்
இன்பநாதனின் ஹோண்டா கப் வந்து நிற்கும்.
பின்னால் ஒரு அரிசிச் சாக்கு.
கிலோ இரண்டு ரிங்கிட் என்று
பல்கலைக்கழகக் கணக்கில் எழுதிக்கொள்வேன்.
"கோழிகூடத் திங்காதே மேடம், எதுக்கு இது?"
முதல் வாரம் சிரித்தார்.

தோட்டம் முழுக்கச் செம்பனை ஆகிவிட்டது.
ஆறாம் நம்பரில் மட்டும்
கோயிலுக்குப் பின்னால் நாற்பது கித்தா மரம்,
யார் கணக்கிலும் இல்லாமல்.
வெயில் ஏறினால் காய் வெடிக்கும்.
தலையில் ஹெல்மெட்டோடுதான் பொறுக்குகிறார்.

பச்சையாய்த் தின்றால் விஷம் என்றேன்.
உலர்த்தி, உடைத்து, பிழிந்தால்
தேன் நிறத்தில் எண்ணெய்.
அதைத் தண்ணீரில் விட்டு
காதுக்குக் கேட்காத சத்தத்தால் அடிக்கிறோம்.
ஒரு தலைமுடியின் குறுக்கே
ஐந்நூறு துளியை வரிசையாய் நிறுத்தலாம்,
அவ்வளவு பொடி.
ஏன் என்றால்,
இரத்தம் தண்ணீர் ஊர்.
எண்ணெய்க்கு அங்கே சிவப்பு ஐசிதான்,
எந்தக் கவுண்டரிலும் காக்க வைப்பார்கள்.
பொடியாய்ப் போனால் உள்ளே விடுவார்கள்.
புற்றின் வாசல் வரைக்கும் போகலாம்.
போகலாம் என்று நினைக்கிறோம்.

அவர் சிரிக்கவில்லை.
அன்றைக்குக் காசும் வாங்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, கலாவதிக்கு இடது மார்பில்.
ஆலை கேண்டீனில் ரொட்டிச் சானாய் வீசுகிறவள்.
கை தூக்கினால் இழுக்கிறது என்று
ஆறு மாதம் கோடாலித் தைலம் தடவியிருக்கிறாள்.

"பால் வெட்டினவர்தானே நீங்கள்,
உங்களுக்குத் தெரியாததா" என்றேன் இன்னொரு சனி.
"பாலும் இப்படித்தான்,
தண்ணீரில் கரையாமல், பிரியாமல் நிற்கிற பொடி.
திராவகம் ஒரு கரண்டி விட்டால் கட்டிவிடும்.
அங்கே கட்டினால் கூலி.
இங்கே பிரிந்தால் ஆறு மாத வேலை போச்சு."
"அப்போ திராவகத்தைக் கிட்ட வைக்காதீங்க" என்றார்.
அறிவுரை சரிதான்.

செவ்வாய் பசார் மாலாமில்
அப்பம் பாலிக் கடையோரம் கேட்டார்.
"ஒரு சின்னப் போத்தல்.
யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

தட்டில்தான் செத்தது என்றேன்.
கண்ணாடித் தட்டு.
வலி இல்லாத, பெயர் இல்லாத மார்புச் செல்.
அளவை இரட்டித்தபோது
நல்ல செல்லும் செத்தது.
அதை எவரும் வாட்சாப்பில் அனுப்பமாட்டார்கள்.
எலிக்கே இன்னும் கொடுக்கவில்லை.

"எலிக்கு எப்போ?"
"படிவம் போயிருக்கு."
சூடான அப்பத்தைப் பிட்டு
பெரிய பாதியை என்னிடம் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
வேறென்ன செய்வது.

நாற்பத்தோராம் நாள்
புட்டியின் கழுத்தில் மஞ்சளாய் ஒரு வளையம்.
குலுக்கிப் பார்த்தேன், குலுக்கக் கூடாது.
பிரிந்தது என்று எழுதினேன்.
"சோப்பை மாற்று, முதலிலிருந்து பார்"
என்றார் டாக்டர் நோர்ஹயாத்தி,
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி.

அந்தச் சனி சாக்கு பாதிதான் இருந்தது.
"பூச்சி விழுந்ததை எல்லாம்
அவளே பொறுக்கிப் போட்டுட்டா மேடம்.
கை ஓடிக்கிட்டிருந்தா
குமட்டல் தெரியலையாம்."
கொட்டி அளந்தேன்.
ஒன்றுகூடச் சொத்தை இல்லை.

திங்கள், அலோர் ஸ்டார், நாலாவது ஊசி.
என் மைவியில் போனோம்.
ஏறும் மருந்து சிவப்பு.
அதுவும் ஏதோ மண்ணில் கிடந்த
கிருமியிடமிருந்து எடுத்ததுதான்.
யாரோ தட்டில் பார்த்து, எலியில் பார்த்து,
தப்பாய்ப் போனதை எல்லாம் எழுதி வைத்து,
எத்தனையோ வருடம் கழித்து
இந்தக் கட்டில் வரை வந்திருக்கிறது.
சொல்லவில்லை.
அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு
ஐஸ்கட்டி மென்றுகொண்டிருந்தாள்.

"என் கொட்டை என்னாச்சு?"

"இன்னைக்கு மூணாம் நாள்.
இன்னும் பிரியலை."